ஓடி ஓடிக் காலைக் கெடுத்துக்கொண்டவருக்கு: முதலில் எங்கே போவது, எவ்வளவு ஆகும், எப்போது மறுபடி ஓடலாம்

அக்டோபர் கடைசி வாரம் வலது காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்னெலும்பின் உள்பக்க ஓரத்தில் லேசாக ஒரு வலி. ஜனவரியில் சென்னை மாரத்தான். என் முதல் முழு மாரத்தான், காசு கட்டியாகிவிட்டது, டீ-ஷர்ட் அளவுகூடக் கொடுத்தாகிவிட்டது. அதனால் "சும்மா பிடிப்புதான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன். ஞாயிறு காலை பெசன்ட் நகரிலிருந்து 26 கிலோமீட்டர் ஓடிவிட்டு, பொங்கல் சாப்பிட எழுந்தபோது கால் ஊன்ற முடியவில்லை. அப்போதும் டாக்டரிடம் போகவில்லை. ஜெல், மசாஜ், காலுறை, கரண்ட் வைக்கிறது என்று எல்லாம் சுற்றிவிட்டு டிசம்பர் முதல் வாரம்தான் எம்.ஆர்.ஐ. எடுத்தேன். எலும்பில் விரிசல் கோடு விழவில்லை, ஆனால் மஜ்ஜைவரை நீர் கோத்திருந்தது. இன்னும் இரண்டு லாங் ரன் (வாரத்தின் நீண்ட ஓட்டம்) போயிருந்தால் கோடும் விழுந்திருக்கும் என்றார் டாக்டர்.

அந்த ஆறு வாரத்தில் நான் செலவழித்தது 11,000 ரூபாய், பயன் பூஜ்யம். அதன்பிறகு ஒழுங்கான வழியில் போனதற்கு 17,200. நான் செய்தவற்றில் பாதி தப்பே இல்லை, தப்பான வரிசையில் செய்ததுதான் தப்பு. அதனால் இதை வரிசையாக எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. உங்கள் காலைப் பார்த்த டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

1. வலிக்கிற இடத்தை விரலால் காட்டிப் பாருங்கள்

வேறு எதுவும் செய்வதற்கு முன் இது. உட்கார்ந்து காலை நீட்டி, "எங்கே வலிக்கிறது?" என்று நீங்களே கேட்டுக்கொண்டு கை எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். உள்ளங்கையால் எலும்பு ஓரத்தை மேலும் கீழுமாகத் தடவி "இந்தப் பக்கம் பூரா" என்று காட்டினால், ஒரு சாண் அளவுக்கு, குறைந்தது ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவியிருந்தால், பெரும்பாலும் அது ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்று நம் ஆட்கள் சொல்கிற வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் குறையும், நிறுத்தியபின் திரும்ப வரும். ஆனால் ஒற்றை விரலை ஒரே புள்ளியில் வைத்து "இங்கேதான்" என்று காட்ட முடிந்தால், அந்த இடத்தை அழுத்தும்போது கண்ணில் தண்ணீர் வந்தால், ஓட ஓட வலி கூடிக்கொண்டே போனால், ராத்திரி படுத்திருக்கும்போதும் விண்ணென்று தெறித்தால், அது எலும்பு என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள். எலும்பு இல்லை என்று டாக்டர் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

எனக்கு அது ஒற்றை விரல் வலி. முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும், கேட்க ஆளில்லை. கேட்டவர்களும் "ஓடி ஓடியே சரியாயிடும் ப்ரோ" என்றார்கள்.

குதிகால் வலி வேறு கதை. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் நான்கு அடி கொன்றுவிட்டு, பிறகு குறைந்தால் அது பெரும்பாலும் உள்ளங்கால் சவ்வு. குதிகாலுக்கு மேலே, பின்னால் தடித்த கயிறு மாதிரி இருக்கும் தசைநார், அதாவது அகிலிஸ், காலையில் விறைத்திருந்தால் தசைநார்ப் பிரச்சினை. இவை இரண்டுக்கும் பொதுவாக ஸ்கேன் அவசரம் இல்லை. நேராக ஏழாம் படியைப் படிக்கலாம், ஆனால் இரண்டாம் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

2. காத்திருக்கக் கூடாத வலிகள்

இவற்றில் ஒன்று இருந்தாலும் "ரெண்டு நாள் பார்ப்போம்" வேண்டாம்:

தொடை இடுக்கில், உள்ளே ஆழமாக, கால் ஊன்றும்போது வரும் வலி. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் விழுந்திருக்கலாம், அதோடு ஓடினால் எலும்பு விலகி அறுவை சிகிச்சைவரை போகும். ஓடுபவர்களுக்கு வருவதில் இதுதான் பெரிய ஆபத்து, இதைத்தான் "தசை இழுத்துக்கிச்சு" என்று தள்ளிவிடுகிறோம்.

பாதத்தின் மேல்புறம், நடுவில், ஒரு புள்ளி வலி. அங்கே இருக்கும் சின்ன எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதும் கஷ்டம். கணைக்கால் எலும்பின் முன்பக்கக் கூர்மையான விளிம்பில் நடுவில் வலித்தாலும் இதே கதைதான்.

குதிகாலுக்குப் பின்னால் யாரோ கல்லெறிந்த மாதிரி, எட்டி உதைத்த மாதிரி ஒரு "டப்", அதற்கப்புறம் குதிகாலைத் தூக்கி நிற்க முடியவில்லை. அகிலிஸ் அறுந்திருக்கலாம், உடனே போக வேண்டும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, இறுக்கமாக இருக்கிறது, அதுவும் நீண்ட பஸ், விமானப் பயணம் முடிந்து வந்த பிறகு. ரத்தக் கட்டியாக இருக்கலாம். மசாஜ் செய்யவே கூடாது. கூடவே மூச்சு வாங்கினால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

பள்ளத்தில் கால் பிசகிய பிறகு நான்கு அடிகூட நடக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் முட்டியின் பின் ஓரத்தை அழுத்தினால் வலிக்கிறது. எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓடுபவர்களுக்கு இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும்.

3. முதல் வாரத்தில் செய்யக் கூடாத மூன்று

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது முதலாவது. டிக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை ஓட்டத்துக்கு முன் போடுவது எங்கள் ஓட்டக் குழுவில் சாதாரணம். வலி என்பது எச்சரிக்கை மணி, அதை அமுக்கிவிட்டு ஓடினால் எலும்பு உடையும்வரை உங்களுக்குத் தெரியாது, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சென்னை வெயிலில் உடம்பில் நீர் வற்றிய நிலையில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ரொம்பக் கெடுதல்.

இரண்டாவது, எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது. பிடிப்பு என்றால் சுகமாக இருக்கும். எலும்பில் விரிசல் இருக்கும்போது மேலே கட்டை விரலால் அழுத்தி நீவினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 500 ரூபாய் வீதம் மூன்று முறை போனேன், மூன்றாம் முறை வீட்டுக்கு வந்தது ஆட்டோவில். "புத்தூர் கட்டு போட்டா மூணே வாரம்" என்று அத்தை சொன்னார், அன்பாகத்தான் சொன்னார். எந்த எலும்பு, எவ்வளவு என்று படம் எடுத்துத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கட்டும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த ஒன்றில்தான் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டேன்.

மூன்றாவது, பொருள் வாங்கிக் குணப்படுத்தப் பார்ப்பது. இறுக்கமான காலுறை 900, ஜெல்லும் மாத்திரையும் 600, காலணிக்குள் வைக்கும் இன்சோல் 3,500. இன்சோல் சிலருக்கு உதவலாம், ஆனால் என்ன பிரச்சினை என்று தெரிந்த பிறகு வாங்கினால்தான். காலணி தேய்ந்ததுதான் காரணம் என்று புது ஜோடி வாங்கவும் போனேன், கடைக்காரர் "முதல்ல காலைக் காட்டுங்க சார்" என்றார். நல்ல மனிதர்.

ஐஸ் வைக்கலாமா? வலி குறைய பத்துப் பதினைந்து நிமிடம், துணி சுற்றி வைக்கலாம், தப்பில்லை. அது எலும்பை ஆற்றும் என்று நினைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

4. எந்த டாக்டர், கையில் என்ன கொண்டுபோவது

எலும்பு மருத்துவர், அதிலும் விளையாட்டுக் காயங்கள் பார்க்கிறவர் கிடைத்தால் நல்லது. வித்தியாசம் இருக்கிறது. நான் முதலில் போன பொது எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல, ஓடறத விட்ருங்க" என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர் முதலில் கேட்ட கேள்வியே "வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், போன மாதம் எத்தனை?" என்பதுதான். போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவில் விளையாட்டு அறிவியலுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். அரசு மருத்துவமனையில் ஆலோசனைக்குப் பணம் கிடையாது, ஆனால் புறநோயாளிச் சீட்டு காலையிலேயே வாங்கியாக வேண்டும். ஏழரை மணிக்குள் போய்விடுங்கள், பத்து மணிக்குப் போனால் அந்த நாள் போச்சு.

தனியாரில் எனக்கு ஒரு முறைக்கு 800 ரூபாய். மூன்று முறை போனேன், 2,400.

கொண்டுபோக வேண்டியவை: கடைசி எட்டு வார ஓட்டக் கணக்கு (கைக்கடிகாரச் செயலியில் இருப்பதை ஒரே பக்கமாக எழுதிக்கொள்ளுங்கள், டாக்டர் உங்கள் போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க மாட்டார்), வலி தொடங்கிய தேதி, எதற்குப் பிறகு தொடங்கியது, இதுவரை போட்ட மாத்திரைகள், பழைய எக்ஸ்ரே இருந்தால் அது, ஓடுகிற காலணி. காலணியை எடுத்துக்கொண்டு போக வெட்கமாக இருந்தது, ஆனால் அதன் தேய்மானத்தை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

என் ஒரு பக்கக் கணக்கை எழுதும்போதே காரணம் எனக்கே தெரிந்துவிட்டது. வாரத் தூரத்தை ஒழுங்காகத்தான் ஏற்றியிருந்தேன். ஆனால் லாங் ரன் 16-லிருந்து ஒரே தாவாக 22, அப்புறம் 26. அந்த மாதத்தில் ஓடிய அதிகபட்ச தூரத்தைவிட ஒரே ஓட்டத்தில் வெகுதூரம் தாவுவதுதான் காலைக் கெடுக்கிறது என்று டாக்டர் சொன்னார். நான் வாரக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், டாக்டர் கேட்காவிட்டாலும்: மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லை, அல்லது தள்ளித் தள்ளிப் போகிறது என்றால். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாதபோது உடம்பு முதலில் அதை நிறுத்துகிறது, அதோடு எலும்பும் பலவீனமாகிறது. எடை குறைக்க ஓட ஆரம்பித்த ஆண்களுக்கும் அந்தப் பட்டினி எலும்பில்தான் போய் நிற்கும்.

5. எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் எலும்பில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. ஓடி ஓடி எலும்பில் விழும் இந்த வகை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எலும்பு ஆற ஆரம்பித்து மேலே தடிப்பு விழுந்தால்தான் தெரியும். நான் ஏமாந்த இடம் இதுதான். 500 ரூபாய் எக்ஸ்ரே "நார்மல்" என்று வந்ததும் அடுத்த நாளே எட்டு கிலோமீட்டர் ஓடினேன். டாக்டருக்கு எலும்பு மேல் சந்தேகம் இருந்து, எக்ஸ்ரே நார்மல் என்றால், அடுத்தது எம்.ஆர்.ஐ.தான்.

எம்.ஆர்.ஐ. விலை ஊருக்குள்ளேயே எக்கச்சக்கமாக மாறும். நான்கு மையங்களுக்குப் போன் போட்டேன், 4,500 முதல் 9,000 வரை சொன்னார்கள். எனக்கு 6,500 ஆனது. போனில் கேட்க வேண்டியது: இயந்திரம் எத்தனை டெஸ்லா (அதன் காந்தத் திறன்; 1.5 போதும், 3 வேண்டும் என்ற கட்டாயமில்லை, மிகக் குறைந்த திறனுள்ள திறந்த வகை இயந்திரத்தில் படம் அவ்வளவு தெளிவாக வராது), ரிப்போர்ட் என்றைக்கு, படம் சி.டி.யில் தருவார்களா. மருந்து ஊசி போட்டு எடுப்பது இதற்குப் பொதுவாகத் தேவையில்லை, அதற்கென்று கூடுதல் பணம் கேட்டால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஸ்கேன் எடுக்கலாம், தனியாரைவிட மிகக் குறைவு, ஆனால் அங்கிருக்கும் டாக்டர் எழுதித் தர வேண்டும், தேதிக்குக் காத்திருக்கவும் வேண்டும்.

சீட்டில் எந்த இடம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பாருங்கள். என் சீட்டில் "வலது கணுக்கால்" என்று இருந்தது. வலி கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே. அப்படியே எடுத்திருந்தால் வலிக்கிற இடம் படத்திலேயே வந்திருக்காது, 6,500 தண்டம். படுக்க வைத்த டெக்னீஷியன் "எங்கண்ணா வலி?" என்று கேட்டதால் பிழைத்தேன். அவரே டாக்டருக்குப் போன் செய்து மாற்றிக்கொண்டு, வலிக்கிற புள்ளிமேல் ஒரு விட்டமின் ஈ மாத்திரையை டேப் போட்டு ஒட்டினார். படத்தில் அது வெள்ளையாகத் தெரியும், ரிப்போர்ட் எழுதுகிறவருக்கு இடம் புரியும். உங்களுக்கு யாரும் ஒட்டாவிட்டால் நீங்களே கேளுங்கள். அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், சத்தம் கடகடவென்று இருக்கும். உடம்பில் உலோகத் தகடு, பேஸ்மேக்கர் ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ரிப்போர்ட்டில் தரம் ஒன்று முதல் நான்கு வரை குறிப்பார்கள், சிலர் குறிக்காமல் வருணனை மட்டும் எழுதுவார்கள். குறிக்கவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒன்று என்றால் எலும்பின் மேலுறையில் மட்டும் நீர், நான்கு என்றால் எலும்பின் வெளி ஓட்டிலேயே பாதிப்பு. எனக்கு மூன்று. எத்தனை வாரம் ஓய்வு என்பது பெரும்பாலும் இந்த எண்ணையும் இடத்தையும் பொறுத்தது.

ரத்தத்தில் விட்டமின் டி, கால்சியம் பார்க்கச் சொன்னார்கள், 1,800 ஆனது. வருஷம் முழுக்க வெயிலடிக்கிற ஊரில் எனக்கு விட்டமின் டி 14. இருபதுக்குக் கீழே என்றால் குறைபாடு. விடியுமுன் ஓடி, பகலெல்லாம் ஏ.சி.யில் உட்கார்ந்தால் வெயில் எங்கிருந்து வரும்? 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒன்று என்று எழுதித் தந்தார். வாரம் ஒன்று, தினம் ஒன்று இல்லை. குழுவில் ஒருவர் தினமும் போட்டு இரண்டு வாரம் ஓட்டியிருந்தார், கேட்டு டாக்டரிடம் அனுப்பினோம்.

6. காகிதம், காப்பீடு, ரேஸ் காசு

முதல் நாளே ஒரு ஃபைல் போடுங்கள். டாக்டர் சீட்டு (தேதி, முத்திரை, பதிவு எண்ணோடு), பில்கள், ஸ்கேன் ரிப்போர்ட், சி.டி., பிசியோ ரசீதுகள். ஒவ்வொன்றையும் வாங்கிய உடனே போனில் படம் எடுத்துவிடுங்கள், வெப்பத்தாளில் அச்சடித்த ரசீது மூன்று மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

காப்பீட்டைப் பற்றிப் பெரிதாகக் கனவு காண வேண்டாம். நம் ஊர்ப் பாலிசிகள் பெரும்பாலும் 24 மணி நேரம் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் தரும். ஆலோசனை, எம்.ஆர்.ஐ., பிசியோ எல்லாம் புறநோயாளிச் செலவு, அதற்கென்று தனிப் பிரிவு உங்கள் பாலிசியில் இருந்தால்தான் கிடைக்கும். அலுவலகப் பாலிசிகள் சிலவற்றில் இருக்கிறது, மனிதவளத் துறையில் கேட்டுப் பாருங்கள். "ஒரு நாள் அட்மிட் ஆயிடுங்க, எம்.ஆர்.ஐ.யைக் க்ளெய்ம் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். பரிசோதனைக்காக மட்டும் சேர்வது பாலிசியின் நிலையான விலக்குகளில் ஒன்று, க்ளெய்ம் மறுக்கப்படும், அறை வாடகையும் உங்கள் தலையில். விபத்துக் காப்பீடும் இதற்கு உதவாது. திடீரென்று வெளியிலிருந்து நேர்ந்ததைத்தான் அது விபத்து என்கிறது, நீங்களாக ஓடி ஓடி உண்டாக்கியதை இல்லை. அறுவை சிகிச்சை வரை போனால் மட்டும் கதை மாறும். சேர்வதற்கு முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் செலவுகளையும் பல பாலிசிகள் தரும், அப்போது அந்த ஃபைல்தான் காப்பாற்றும்.

ஆண்டுக் குடும்ப வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் கீழே என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் வேண்டும், கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அடிபட்ட பிறகு அலைவதைவிட முன்பே எடுப்பது சுலபம்.

ரேஸ் காசு பெரும்பாலும் திரும்ப வராது. ஆனால் சில போட்டிகளில் குறிப்பிட்ட தேதிக்கு முன் சொன்னால் சின்ன தூரத்துக்கு மாற்றுவார்கள், சிலர் மருத்துவச் சான்று கேட்டு அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைப்பார்கள். அந்தத் தேதி பொதுவாகப் போட்டிக்கு வாரக்கணக்கில் முன்னால் இருக்கும். நான் டிசம்பர் கடைசிவரை "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இருந்து அதையும் தவறவிட்டேன். அதனால் டாக்டர் ஓடக் கூடாது என்று சொல்லும் நாளிலேயே சான்று எழுதி வாங்கிவிடுங்கள், அலுவலக விடுப்புக்கும் அதுவே ஆகும். பிப் எண்ணை (போட்டியில் சட்டைமேல் குத்திக்கொள்ளும் எண் அட்டை) நண்பருக்குக் கொடுத்து ஓடவிடாதீர்கள். பின்பக்கம் உங்கள் ரத்த வகை, உங்கள் வீட்டு எண். பாதி வழியில் அவர் மயங்கி விழுந்தால் போன் உங்கள் அம்மாவுக்குப் போகும்.

7. ஓய்வு வாரங்களும் பிசியோவும்

எனக்கு இரண்டு வாரம் ஊன்றுகோல் (1,100 ரூபாய், சர்ஜிகல் கடைகளில் வாடகைக்கும் கிடைக்கிறது, அது தெரியாமல் வாங்கிவிட்டேன்), பிறகு வலியில்லாத அளவுக்கு நடை. ஓட்டம் இல்லை என்பதால் வியர்வையும் இல்லை என்று ஆகிவிட வேண்டாம். டாக்டர் சரி என்றதும் நீச்சல், பிறகு சைக்கிள். கழுத்தளவுக்கு மேல் ஆழத்தில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுவது மூச்சுத் திறனைக் காப்பாற்றும், வேளச்சேரி நீச்சல் வளாகம் மாதிரி ஆழமான குளம் வேண்டும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சாப்பாட்டில் இந்த வாரங்களில் குறைக்காதீர்கள். "ஓடல, அதனால ராத்திரி சாப்பாடு வேணாம்" என்று நான் ஆரம்பித்ததை டாக்டர் திட்டி நிறுத்தினார். எலும்பு கட்டுவதற்குச் சாமான் வேண்டும். ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் என்பது கணக்கு. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350, ஒரு டம்ளர் பாலில் சுமார் 240. இரண்டு வேளைக் கூழும் கொஞ்சம் மோரும் மத்தி மீனும் இருந்தால் பெரிய பவுடர் டப்பா எதுவும் வேண்டாம்.

பிசியோ விஷயத்தில் ஜாக்கிரதை. எம்.ஆர்.ஐ.க்கு முன் நான் போன இடத்தில் பத்து நாள் பேக்கேஜ் என்று 4,500 முன்பணம் வாங்கினார்கள். படுக்க வைத்து கரண்ட் வைப்பார்கள், அல்ட்ராசவுண்ட் தேய்ப்பார்கள், பக்கத்துப் படுக்கைக்குப் போய்விடுவார்கள். பத்து நாளில் ஒரு உடற்பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை. இரண்டாவதாகப் போனவர் ஒரு முறைக்கு 700 வாங்கினார், முதல் நாள் முக்கால் மணி நேரம் என்னை நிற்க வைத்து, உட்கார வைத்து, ஒற்றைக்காலில் குந்த வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டில் செய், பத்து நாள் கழித்து வா" என்று அனுப்பினார். மொத்தம் ஏழு முறை, 4,900. எப்படித் தேர்ந்தெடுப்பது என்றால், முதல் நாளே கேளுங்கள்: "நான் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?" பதில் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பணப் பேக்கேஜ் வேண்டவே வேண்டாம்.

அகிலிஸ், உள்ளங்கால் சவ்வுக்காரர்களுக்கும் முக்கால்வாசி மருந்து பயிற்சிதான். அகிலிஸுக்குப் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சி பிரபலமானது: பதினைந்து முறை வீதம் மூன்று சுற்று, முழங்கால் நேராக ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை, காலை மாலை இரண்டு வேளை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180. இரண்டு வாரம் செய்துவிட்டு "வேலை செய்யல" என்று விடுபவர்கள்தான் அதிகம். தசைநாருக்கு ஒரு சலுகை உண்டு: பத்துக்கு மூன்று அளவு வலி இருந்தாலும், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால், பயிற்சியைத் தொடரலாம். எலும்புக்கு அந்தச் சலுகை கிடையாது. எலும்பு வலி என்றால் பூஜ்யம்தான் கணக்கு. இதைக் குழப்பிக்கொண்டு "கொஞ்சம் வலி பரவாயில்லன்னு எங்கேயோ படிச்சேன்" என்று விரிசலோடு ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

8. மறுபடி ஓடுவது

காலண்டரைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். என் டாக்டர் போட்ட நிபந்தனைகள் இவை: அந்தப் புள்ளியை அழுத்தினால் வலியில்லை, அரை மணி நேரம் வேகமாக நடந்தால் அப்போதும் மறுநாளும் வலியில்லை, ஒற்றைக்காலில் குதிகாலை இருபது முறைக்கு மேல் தூக்க முடிகிறது, ஒற்றைக்காலில் பத்து முறை குதித்தால் வலியில்லை. நான்கும் சரி என்றால் ஓடலாம். எனக்கு ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து பத்து வாரம் ஆயிற்று, பிப்ரவரி நடுவில். லேசான தரம் என்றால் சீக்கிரம் ஆகலாம்.

முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, ஆறு சுற்று, ஒன்றுவிட்டு ஒரு நாள். அடுத்த வாரம் இரண்டும் மூன்றும், பிறகு மூன்றும் இரண்டும், பிறகு நான்கும் ஒன்றும், அதன்பின் அரை மணி தொடர் ஓட்டம். எங்காவது அந்த இடம் முனகினால் நிறுத்திவிட்டு, வலி போய் இரண்டு நாள் ஆனபின் முந்தைய படியிலிருந்து தொடங்க வேண்டும். நான் மூன்றாம் வாரத்தில் ஒரு தரம் இறங்கி ஏறினேன்.

ஒரு நிமிடம் ஓடி நான்கு நிமிடம் நடப்பது அவமானமாக இருக்கும், அதுவும் பழைய குழு எதிரே வந்தால். எனக்கு அது தாங்காமல் ஒரு மாதம் கடற்கரைப் பக்கமே போகவில்லை, பள்ளி மைதானத்தில் மண் தரையில் ஓடினேன். அதுவே நல்லதாகவும் போயிற்று. கடற்கரை மணலில் ஓடினால் காலுக்கு மெத்தை மாதிரி என்று நினைப்பார்கள், தளர்ந்த மணல் கெண்டைக்காலையும் அகிலிஸையும் வதைக்கும். ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரத்தில் ஓடினால் சாலை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், ஒரே காலுக்கு எப்போதும் இறக்கம். சமதளம், தட்டையான இடம், மெதுவான வேகம். அடியைச் சின்னதாக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை ஐந்து முதல் பத்து சதவிகிதம் கூட்டினால் எலும்பில் விழும் அடி குறையும். என் பிசியோ போனில் தாளம் போட்டு அதைத்தான் பழக்கினார்.

முதல் இரண்டு மாதம் வேகப் பயிற்சி, மேம்பாலம், மலை எதுவும் கிடையாது. முதலில் நாட்களைக் கூட்டுங்கள், பிறகு தூரம், கடைசியில் வேகம். பத்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடியது ஏப்ரல் கடைசியில். அடுத்த ஜனவரிக்கான பதிவு திறந்ததும் சலுகை விலையைப் பார்த்துவிட்டு உடனே முழு மாரத்தான் பட்டனை அழுத்தக் கை போகும். நான் அரை மாரத்தானுக்கு மட்டும் கட்டினேன், அதுவும் தூரம் மாற்ற, தள்ளி வைக்க என்ன விதி, கடைசித் தேதி எது என்று முதலில் படித்துவிட்டு. அந்தத் தேதியைப் போன் காலண்டரில் போட்டு வைத்திருக்கிறேன், ஒரு வாரம் முன்பே மணி அடிக்கும்படி.